பன்னிரண்டு ஊசி

மன்சூரா. மூன்றாம் மாடி ஆய்வகம்.
எட்டு மில்லி ரத்தம், குழாயின் மேல் நாற்பத்தேழு.
பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
ஆனால் ரத்தம் எடுத்தவள் நான்தான்:
அப்துல் மவ்கூத், நெல் விவசாயி, அறுபத்து நான்கு.
கலாபியாவின் கையை அவர் மடித்துவிட்டபோது
முழங்கை மடிப்பில் தழும்பு ஒன்றும் இல்லை.
இருக்கும் என்று ஏன் நினைத்தேன்?

ஏழு வயதில் வாய்க்காலில் எருமை குளிப்பாட்டியவர்.
நத்தையை விட்டுக் கிளம்பிய ஒன்று,
வால் பிளந்த, கண்ணுக்குத் தெரியாத ஒன்று,
கதவைத் தட்டாமல் தோலுக்குள் வந்தது.
ஆணின் மடிப்புக்குள் பெண் புழு படுத்துக்கொள்ள
குடலின் ரத்தம் ஈரலுக்குப் போகும் வழியில்
குடித்தனம்.
ஒழுக்கில் போன முட்டைகள் ஈரலில் தட்டி நின்றன.
ஒவ்வொரு முட்டையையும் சுற்றி
இழவு வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்த செல்கள்
எழுந்து போகவே இல்லை.
நாரால் மதில் கட்டின.
முட்டை செத்து எத்தனையோ காலம்.
மதில் நிற்கிறது.
ஈரம் போய்க் கல் மட்டும் மிஞ்சுகிற உறுப்பு.
பிள்ளைகளை 'என் ஈரலே' என்று கூப்பிடுகிற ஊர் இது.

அப்புறம்தான் அரசு வண்டி வந்தது.
பள்ளி முற்றத்தில் வரிசை. முன்னூறு பிள்ளைகள்.
கண்ணாடி சிரிஞ்சுகள் இருபது.
ஸ்டவ் மேல் ஒரு சட்டி.
தண்ணீர் கொதிப்பதற்குள் அடுத்த கை நீண்டுவிடும்.
மருந்து ஏறும்போதே இருமல், பிறகு வாந்தி,
இப்படிப் பன்னிரண்டு தடவை.
புழு செத்தது. பொய் சொல்ல மாட்டேன், புழு செத்தது.
ஊசி முனையில் முந்தின பிள்ளையின் ரத்தம்
துளிகூட இல்லை, துளியின் ஞாபகம்,
அதில் அன்றைக்குப் பெயரே இல்லாத ஒன்று.
மறுவருடம் நடவு.
மறுபடியும் வாய்க்கால், மறுபடியும் புழு.

செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் நடத்துகிறேன்.
திரையில் புள்ளிகள்.
வைரஸின் முகம் தெரிந்த டி-செல்கள், இதோ இங்கே,
கொஞ்சம்தான்.
களைத்த செல்லின் மேல் முளைக்கும் குறி
நூற்றில் எண்பதில்.
எதிரியைத் தெரிகிறது. கை எழவில்லை.
போன வாரம், வைரஸ் மட்டும் உள்ள ஒருவரிடம்
இத்தனை களைப்பு இல்லை.
இரண்டு பேரை வைத்து எதுவும் சொல்லக் கூடாது, தெரியும்.
ஆனாலும் தோன்றுகிறது:
பொறு, கத்தாதே, வீடு எரிந்துவிடும் என்று
புழு முப்பது வருடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
உடம்பு கேட்டுக்கொண்டது.

காலையில் என் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.
புதைனா ஹம்மாத் ஷல்கானி.
"தமர்ஜி ஹம்மாத் உனக்கு யார்?"
"அப்பா."
கையில் கட்டிய ரப்பரை அவிழ்க்க மறந்துவிட்டேன்.
"லேசான கை அவருக்கு.
ஊசி போட்டதும் ஒரு மிட்டாய் தருவார்.
ஒன்பதாவது ஊசியன்று மிட்டாய் தீர்ந்துவிட்டது.
எங்களிடம், சின்னப் பிள்ளைகளிடம்,
மன்னிப்புக் கேட்டார்."
பிறகு, "ரப்பர்" என்றார்.

அப்பா சாகும்வரை
கரண்டியைக்கூட இரண்டு முறை கொதிக்கவைப்பார்.
எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.
நான் கேட்டிருக்கலாம்.

இப்போது மாத்திரை இருக்கிறது.
பன்னிரண்டு வாரம் என்றேன்.
எண்ணைக் கேட்டுச் சிரித்தார், பல் இல்லாத பக்கமாக.
வைரஸ் போன பிறகு
களைத்தவை எழுந்திருக்குமா, எத்தனை எழுந்திருக்கும்?
அதற்குத்தான் இந்த ஆய்வு. அதற்கு இன்னொரு குழாய்,
கோடைக்குப் பிறகு, அவர் வந்தால்.

அவர் போனதும் ஊசியை மஞ்சள் டப்பாவில் போட்டேன்.
அடியில் போய் விழுந்த சத்தம் கேட்கும்வரை
மூடியைத் திறந்தே வைத்திருந்தேன்.